வெயிலுக்கும் மழைக்கும் இரவுக்கும்: மோட்டார் சைக்கிளில் செல்வோர் அணிய வேண்டியவை



பாகான் டத்தோ வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு அரிது. தென்னந்தோப்புக்குப் போகிறவர், செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர், விடியுமுன் மீன் எடுக்கப் போகிறவர், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவரும் தாய்மார், நம்மைப் போன்ற சாமான் கடைக்காரர் ஆகிய யாவரும் இந்த இரண்டு சக்கரத்தை நம்பித்தான் காலந்தள்ளுகிறோம். கப்சாய் ஒன்று வாங்கும்போது எஞ்சின் எப்படி, பெட்ரோல் எவ்வளவு குடிக்கும், மாதத் தவணை எத்தனை வெள்ளி என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறோம். ஆனால் அதன்மேல் ஏறி உட்காரும் மனிதன் எதை அணிந்துகொண்டு உட்கார வேண்டும் என்று கேட்பவர் எத்தனை பேர்?

நமது கடைக்கு வந்து போகிறவர்களிடம் இதைப்பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறோம். கிடைக்கும் பதில்கள் மூன்றே மூன்றுதான். "வெயிலில் புழுங்குகிறது" என்பது ஒன்று. "மழையில் எல்லாம் நனைந்துவிட்டது" என்பது இரண்டாவது. "பக்கத்தில்தானே போகிறோம்" என்பது மூன்றாவது. இம்மூன்று பதில்களுக்கும் மறுமொழி சொல்வதே இப்பாடத்தின் நோக்கம். பாதுகாப்பு உடை என்பது ஒன்றே ஒன்றல்ல. வெயிலுக்கு ஒரு விதம், மழைக்கு ஒரு விதம், இரவுக்கு ஒரு விதம் என்று தேர்ந்தெடுக்க வேண்டியது. அப்படித் தேர்ந்தெடுத்துக்கொண்டால் உடம்பு அதைப் பொறுத்துக்கொள்ளும். உடம்பு பொறுத்துக்கொள்வதைத்தான் மனிதன் நாள்தோறும் அணிவான். ஆணியில் தொங்கும் உடையினால் யாருக்கும் பயனில்லை.

விஷயம் சிறியதன்று. 2019ஆம் ஆண்டில் மலேசியச் சாலைகளில் மாண்டவர்கள் 6,167 பேர். நம் நாட்டில் சாலையில் மாண்டுபோகும் பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. அவர்களில் பெரும்பாலோர் சம்பாதித்து வீட்டைத் தாங்கும் வயதினர். ஒருவர் விழுந்தால் ஒரு குடும்பமே விழுகிறது.

"எல்லாம் தலைவிதிப்படி நடக்கும்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வோரும் நம்மில் உண்டு. ஒட்டகத்தை முதலில் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின்மீது பொறுப்பை விடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததைச் சிறு வயதிலேயே மதரஸாவில் ஓதி அறிந்தவர்கள் நாம். தலைக்கவசத்தின் வாரை மாட்டுவதும் ஒட்டகத்தைக் கட்டுவதுதான்.

தேங்காய் சொல்லும் பாடம்

நம் ஊர் தேங்காய்க்குப் பேர் பெற்ற ஊர். ஆகவே தேங்காயை வைத்தே தலைக்கவசத்தை விளக்கலாம். அறுபது அடி மரத்திலிருந்து மட்டையோடு விழும் தேங்காய் பெரும்பாலும் உடைவதில்லை. அதே தேங்காயை உரித்துவிட்டு இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போட்டால் இரண்டாகப் பிளந்துவிடும். காரணம் என்ன? மட்டையில் உள்ள நார் நசுங்கி, விழுந்த வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஓட்டுக்கு வந்து சேரும் அடி குறைந்துவிடுகிறது.

நமது மண்டையோடு உரித்த தேங்காயைப் போன்றது. உள்ளே மூளை இருக்கிறது. தலைக்கவசத்தின் வெளி ஓடு தேங்காயின் வழுவழுப்பான மேல்தோல். அதற்கு உட்புறம் இருக்கும் வெள்ளை நுரைப்பொருள்தான் நார். மீன் அனுப்பும் ஐஸ் பெட்டி செய்கிறார்களே, அந்த வகையைச் சேர்ந்த பொருள் அது. அடி விழும்போது அது நசுங்கி, வேகத்தைத் தின்றுவிடுகிறது. ஒருமுறை நசுங்கியது மறுபடி எழும்புவதில்லை. ஆகையால் ஒரு விபத்தில் பலமாக அடிபட்ட தலைக்கவசம், வெளியில் கீறல் இல்லாவிட்டாலும், அதோடு முடிந்துபோனது.

இப்போது "பக்கத்தில்தானே போகிறோம்" என்பவருக்கு ஒரு கணக்கு. ஐந்து அடி உயரத்திலிருந்து ஒரு தலை நேரே தரையில் விழுந்தால் அது தரையைத் தொடும்போது ஏறக்குறைய மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் இருக்கும். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் இதுதான் கணக்கு. மெதுவாகப் போகிறேன், சந்துக்குள் போகிறேன் என்பதெல்லாம் தரைக்குத் தெரியாது.

உலகப் புகழ் பெற்ற ஒருவரின் கதை இதற்குச் சான்று. அரேபியாவின் லாரன்ஸ் என்று அழைக்கப்பட்ட ஆங்கிலேயர், முதல் உலக யுத்தத்தில் துருக்கியருக்கு எதிராக அரபுகளோடு சேர்ந்து பாலைவனத்தில் போரிட்டவர். யுத்தத்தில் தப்பிய அவர், 1935 மே 13ஆம் தேதி இங்கிலாந்தில் தம் வீட்டுக்குப் பக்கத்துப் படை முகாமில் இருந்த தபாலாபீசில் தந்தி கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார். சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்களைத் தவிர்க்கத் திருப்பியபோது தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாட்களுக்குப் பிறகு, மே 19ஆம் தேதி மாண்டார். வயது 46.

அவருக்குச் சிகிச்சை செய்தவர்களில் ஹியூ கேர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவரும் ஒருவர். அந்த மரணத்துக்குப் பின் அவர், மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுபோகும் படை வீரர்களின் தலைக் காயங்களை ஆராய்ந்து, 1941இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். அவ்வாண்டே பிரிட்டிஷ் இராணுவம் தன் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1961இல் பொதுமக்களுக்கும் அதைச் சட்டமாக்கியது. நம் மலேசியாவில் 1973ஆம் ஆண்டு விதிகள் அதைக் கட்டாயமாக்கின. 2008இல் பல நாட்டு ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, விபத்துக்குள்ளானவர்களில் தலைக்கவசம் அணிந்தவர்களுக்கு மரண அபாயம் ஏறக்குறைய 42 சதவீதமும் தலைக் காயம் 69 சதவீதமும் குறைவு என்று கண்டார்கள்.

நம் வட்டாரத்திலும் ஒன்றைச் சொல்லலாம். தேங்காய் உரிக்கும் தொழில் செய்துவந்த வாடிக்கையாளர் ஒருவர், ஒருநாள் மாலை அரைக் கிலோ சீனி வாங்கிக்கொண்டு புறப்பட்டார். வீடு எட்டிப் பார்க்கும் தூரம். தூறலில் நனைந்த திருப்பத்தில் சக்கரம் சறுக்கியது. வண்டிக்குச் சேதமில்லை. முன்கூடையில் இருந்த தலைக்கவசத்தில் ஒரு கீறலும் இல்லை. அவர் பிழைத்துக்கொண்டார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இன்று கடைக்கு வந்தால் சில்லறையை எண்ணிக் கொடுக்க அவருடைய மனைவி பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கிறது.

தலைக்கவசத்தைத் தேர்ந்தெடுத்தல்

சரக்கைப் பார்த்து வாங்குவது கடைக்காரர்களாகிய நமக்குப் பழக்கம். தலைக்கவசத்தையும் அப்படியே பார்க்க வேண்டும்.

முதலாவது, சிரிம் முத்திரை. மலேசியத் தலைக்கவசங்களுக்கான தரம் எம்.எஸ். 1 என்பதாகும். அந்தத் தரத்துக்குச் சோதிக்கப்பட்டதற்கு அடையாளமாகச் சிரிம் ஒட்டுத்தாள் இருக்கும். முத்திரை இல்லாத மெல்லிய தொப்பி போலீசாருக்குக் காட்ட உதவலாம். தரைக்குக் காட்ட உதவாது.

இரண்டாவது, அளவு. தலையில் போட்டு வாரை மாட்டிக்கொண்டு, தலையை இருபுறமும் ஆட்டிப் பாருங்கள். கன்னத்துத் தோல் கவசத்தோடு சேர்ந்து அசைய வேண்டும். பின்புறத்து அடி விளிம்பைப் பிடித்து முன்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் அளவன்று. "வளரும் பிள்ளை, பெரிதாக இருக்கட்டும்" என்று சட்டை வாங்குவதுபோல் பிள்ளைகளுக்கு வாங்கக்கூடாது.

மூன்றாவது, வார். தாடைக்கும் வாருக்கும் இடையில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்க வேண்டும். வார் மாட்டாத தலைக்கவசம், தலைக்கு முன்னே தான் பறந்துபோய்விடும்.

நான்காவது, வகை. ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ நெடுந்தூரம் போகிறவர்களுக்குத் தாடையையும் மூடும் முழுமுகக் கவசமே ஏற்றது. விழும்போது தாடையிலும் முகத்திலும் அடிபடுவது மிக அதிகம். ஊருக்குள் நாலு தடவை இறங்கி ஏறுகிறவர்களுக்கு, அதைக் காரணமாகச் சொல்லி ஒன்றுமே அணியாமல் இருப்பதைவிட, கண்ணாடித் தடுப்புள்ள திறந்தமுகக் கவசம் நல்லது. நூறு வெள்ளிக்குள்ளேயே முத்திரை பெற்றது கிடைக்கிறது.

வாங்கிய பிறகு பேணுவதும் முக்கியம். பக்கக் கண்ணாடியின்மேல் மாட்டித் தொங்கவிட்டால் உள் நுரையில் பள்ளம் விழும். பெட்ரோலாலோ தின்னராலோ துடைத்தால் பிளாஸ்டிக் ஓடு பலம் குன்றும். சோப்புத் தண்ணீரே போதும். அமெரிக்காவில் 1957இல் தொடங்கிய ஸ்னெல் நிறுவனம், நாள்தோறும் பயன்படும் தலைக்கவசத்தை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும்படி சொல்கிறது.

வெயில் காலத்துக்கு

மாசி, பங்குனி மாதங்களில் நண்பகல் வெயில் எப்படி என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸில் உள்ள சூப்பிங்கில் 40.1 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. இந்த வெயிலில் கனத்த தோல் சட்டை அணியச் சொன்னால் யார் கேட்பார்கள்? தோல், உராய்வைத் தாங்குவதில் சிறந்ததுதான். ஆனால் நம் ஊர் ஈரத்தில் அலமாரியில் வைத்தாலே பூஞ்சணம் பிடிக்கும். குளிர்நாட்டுக்காரர் உடை அது.

இங்கே ஏற்றது, வலைத்துணியால் நெய்த சட்டை. காற்று உள்ளே புகுந்து வெளியேறும். தோள், முழங்கை ஆகிய இடங்களில் மட்டும் அடி தாங்கும் பட்டைகள் வைத்திருக்கும். வெளிர் நிறமாக இருந்தால் சூடு குறையும். கைகளைத் திறந்து போட்டால் குளிர்ச்சி என்று நினைப்பதும் தவறு. அரபு நாட்டுப் பாலைவனவாசிகள் உடல் முழுவதையும் மூடித்தான் நடக்கிறார்கள். நேர் வெயில் தோலில் படாமல், வியர்வை மெல்ல உலர்ந்தால்தான் உடல் குளிரும்.

அத்தகைய சட்டை வாங்க வசதியில்லாதவர்கள் தடித்த நூல் துணியால் ஆன முழுக்கைச் சட்டையும் கனத்த ஜீன்ஸும் அணியலாம். அவை உராய்வைச் சிறிது நேரமே தாங்கும். ஆயினும் வெறும் தோலைவிட மேல். மலிவான நைலான் காற்றுச் சட்டையைப் பற்றி மட்டும் ஜாக்கிரதை. தாரில் தேய்ந்தால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

நம் நாட்டுக்கே உரிய ஒரு வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சட்டையின் முன்புறம் முதுகுக்கு வரும்படி திருப்பி மாட்டிக்கொண்டு போகிறோம். காற்று நெஞ்சில் அடிக்காது, முதுகில் புழுங்காது, சட்டென்று கழற்றலாம் என்பன அதற்குக் காரணங்கள். காரணங்கள் சரிதான். ஆனால் விழுந்து சறுக்கும்போது முதுகு திறந்து கிடக்கும். சட்டை ஒருபுறம் சுருண்டுபோகும். முதுகில் வரவேண்டிய ஒளிப்பட்டை நெஞ்சுக்கு வந்துவிடுவதால், பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணுக்கு நாம் தெரியமாட்டோம். ஆகவே வலைத்துணிச் சட்டையை நேராக அணிந்து, முன் ஜிப்பை மேலே கொஞ்சம் தளர்த்திக்கொள்வதே முறை.

கைக்கு உறை, காலுக்கு மூடிய காலணி. விழும் எவரும் முதலில் கையைத்தான் ஊன்றுவார். உள்ளங்கைத் தோல் உரிந்தவர் எத்தனை வாரம் தேங்காய் உரிக்க முடியும், தராசு பிடிக்க முடியும்? ஜப்பான் சிலிப்பர் போட்டுக்கொண்டு கியர் மாற்றுகிறவர்களின் கால் விரல்களையும், புகைக்குழாயில் சுட்ட கெண்டைக்காலையும் நாம் யாவரும் பார்த்திருக்கிறோம்.

இவற்றால் உண்மையில் பயன் உண்டா என்று ஆஸ்திரேலியாவில் லிஸ் டி ரோம் என்பவரும் அவரது குழுவினரும் விபத்தில் சிக்கியவர்களை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். மோட்டார் சைக்கிளுக்கென்று செய்த சட்டை அணிந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது 21 சதவீதமும், கால்சட்டை அணிந்தவர்களுக்கு 51 சதவீதமும், கையுறை அணிந்தவர்களுக்கு 59 சதவீதமும் குறைவு என்று கண்டார்கள். விலை குறைந்த கையுறையினால் வந்த பயனே அதிகம் என்பது கவனிக்கத்தக்கது. அதே ஆராய்ச்சியில், விபத்தின்போது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு உடைகள் கிழிந்தோ தேய்ந்தோ போயின என்றும் தெரிந்தது. ஆகையால் தையலைப் பாருங்கள். ஒற்றைத் தையல் உள்ளதை வாங்காதீர்கள்.

மழைக் காலத்துக்கு

நமக்கு மழை இரண்டு விதமாக வருகிறது. சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகலில் இடியோடு கொட்டும் மழை ஒன்று. தென்மேற்குக் காற்றுக் காலத்தில், மலாக்கா நீரிணையைக் கடந்து அதிகாலையில் சூறையோடு வரும் 'சுமத்ரா' மற்றொன்று. பின்னது வேலைக்குப் போகிறவர்களையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் வழியில் பிடித்துக்கொள்ளும்.

மழைக்குச் சட்டையும் கால்சட்டையும் தனித்தனியான இரண்டு துண்டு மழையுடையே ஏற்றது. ஒரே துண்டாகப் போர்த்திக்கொள்ளும் மழைப்போர்வை காற்றில் பறந்து முகத்தை மறைக்கும். ஓரம் சங்கிலியிலோ பின்சக்கரத்திலோ சிக்கினால் ஆளையே இழுத்துத் தள்ளும். பின்னால் உட்கார்ந்தவர் குடை பிடிப்பதும் அவ்வாறே ஆபத்து. காற்று குடையைப் பிடிக்கும், குடை ஆளைப் பிடிக்கும்.

மழையுடை வாங்கும்போது வழக்கமான அளவைவிட ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். உள்ளே பாதுகாப்புச் சட்டை இருக்க வேண்டும். மழையுடை மழையைத் தடுக்குமேயன்றித் தாரைத் தடுக்காது. தையல்களின்மேல் உட்புறம் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டாவிட்டால் தையல் துளை வழியே நீர் இறங்கும். நிறம் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கட்டும். கொட்டும் மழையில் கறுப்பு மழையுடை அணிந்தவர் சாலையில் இல்லாதவரே.

நனையாமல் இருப்பது வசதிக்காக மட்டுமன்று. நனைந்த உடலில் 60 கி.மீ. வேகக் காற்று அடித்தால் நம் வெப்ப நாட்டிலும் கை விறைக்கும். விறைத்த விரல் பிரேக்கைப் பிடிக்கத் தாமதிக்கும். அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும்.

தலைக்கவசக் கண்ணாடியில் மூச்சுக்காற்று படிந்து மங்கினால், அதை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பை மிக மெல்லியதாகத் தடவி உலர்ந்த துணியால் துடைத்து வைத்தால் மங்குவது குறையும். வீடு திரும்பியதும் மழையுடையை நிழலில் காயப்போட்டு மடியுங்கள். ஈரத்தோடு இருக்கைக்கு அடியில் திணித்தால் அடுத்த மழைக்குள் நாறிப்போகும். பிறகு யாரும் தொடமாட்டார்கள். "மழையில் நனைந்துவிட்டது" என்னும் பதில் இப்படித்தான் பிறக்கிறது. தலைக்கவசத்தின் உட்துணியும் கழற்றக்கூடியதாக இருந்தால் துவைத்து உலர்த்தலாம்.

இடி மின்னலுக்கு எந்த உடையும் கவசமாகாது. தென்னை மரத்தடியில் ஒதுங்காதீர்கள், கட்டடத்துக்குள் போங்கள். நெடுஞ்சாலையில் மேம்பாலத்துக்கு அடியில் ஓரப்பாதையில் நிற்பதும் கூடாது. மழைத்திரைக்குள் வரும் கார்க்காரருக்கு அங்கே ஆட்கள் நிற்பது தெரியாது. மோட்டார் சைக்கிள்களுக்கென்று கட்டிய ஒதுங்குமிடங்களைத் தேடிச் செல்லுங்கள்.

பனிக்கும் புகைமூட்டத்துக்கும்

விடியற்காலையில் கால்வாய் ஓரங்களில் பனி படர்ந்து நிற்கும்போது கண்ணாடித் தடுப்பில் நீர்த்துளி கட்டும். கையுறையின் பெருவிரலில் ஒரு சிறு மெல்லிய துணியைத் தைத்துக்கொண்டால் போகும்போதே துடைக்கலாம்.

புகைமூட்டம் வேறு விஷயம். 1997, 2015, 2019 ஆகிய ஆண்டுகளை நாம் மறக்கவில்லை. 2005 ஆகஸ்டு 11ஆம் தேதி, நமக்குத் தெற்கே கோலசிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் நெருக்கடி நிலையே அறிவிக்கப்பட்டது. முகத்தில் கைக்குட்டை கட்டினால் புழுதி தடைபடும். புகையின் நுண்துகள் தடைபடாது. அதற்கு என்95 என்னும் முகக்கவசம் முகத்தோடு படிந்திருக்க வேண்டும். மூடிய கண்ணாடித் தடுப்பு கண்ணெரிச்சலைக் குறைக்கும்.

இரவுக்கு

மற்றவர் கண்ணுக்குத் தெரிவதும் ஒரு பாதுகாப்பே. மலேசியாவில் 1992 முதல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கைப் போட்டுச் செல்ல வேண்டும் என்று விதித்தது இதற்காகவே. நியூசிலாந்தில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பளிச்சிடும் அல்லது ஒளி திருப்பும் உடை அணிந்தவர்களுக்கு விபத்துக் காய அபாயம் 37 சதவீதம் குறைவு என்று கண்டார்கள். கறுப்புத் தலைக்கவசத்தைவிட வெள்ளை அணிந்தவர்களுக்கு 24 சதவீதம் குறைவு.

இதில் ஒரு வேறுபாட்டை அறிய வேண்டும். பளிச்சென்ற மஞ்சள், பச்சை நிறங்கள் பகலிலும் அந்தி மங்கலிலும்தான் எடுத்துக் காட்டும். இருட்டில் அவற்றால் பயனில்லை. இரவில் உதவுவது, விளக்கு பட்டால் அந்த வெளிச்சத்தையே திருப்பி அனுப்பும் வெள்ளிநிறப் பட்டைதான். ஆகவே இரண்டும் சேர்ந்த மேலங்கி ஒன்று வாங்கி எந்தச் சட்டையின்மேலும் போட்டுக்கொள்ளலாம். முதுகில் பையை மாட்டினால் பட்டை மறைந்துபோகும். பையின் மேலும் ஒரு பட்டை தைத்துக்கொள்ளுங்கள்.

பகலில் போட்ட கறுப்புக் கண்ணாடியை இரவில் மாற்றிவிட வேண்டும். கீறல் விழுந்த கண்ணாடியும் ஆகாது. எதிர்விளக்கு அதில் பட்டுச் சிதறிக் கண்ணைக் குருடாக்கும். வெறுங்கண்ணோடு போவதும் நன்றன்று. செம்பனைத் தோட்டத்து ஓரமாக மாலையில் போனவர்களுக்குப் பூச்சி கண்ணில் அடிப்பது என்ன என்று தெரியும்.

பெண்களும் பிள்ளைகளும்

புடவைத் தலைப்பு, துப்பட்டா, முக்காட்டின் நுனி, நீண்ட பாவாடையின் ஓரம் ஆகியவை பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் கழுத்தையோ காலையோ இழுத்துவிடும். ஏறுமுன் நுனிகளைச் சட்டைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். மேலே ஒரு சட்டை போட்டு ஜிப்பை மூடிவிட்டால் இன்னும் நல்லது. ஆடைக்கு உள்ளே கால்சட்டை அணிந்து, இருபுறமும் கால் போட்டு உட்காருவதே உறுதியானது. சங்கிலி மூடியைக் கழற்றி எறிந்துவிட்ட வண்டியில் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றக்கூடாது.

ஆண்களுக்கும் இதே சொல். கைலி கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவது எளிதன்று. கால் ஊன்ற வேண்டிய நேரத்தில் துணி தடுக்கும். கால்சட்டையில் வந்து பள்ளிவாசலில் மாற்றிக்கொள்ளலாம்.

பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் அளவிலேயே தலைக்கவசம் வேண்டும். தகப்பனார் கவசம் அணிந்திருக்க, முன்னால் நிற்கும் பிள்ளை வெறுந்தலையோடு இருப்பதை நாள்தோறும் பார்க்கிறோம். பின்னால் உட்காரும் பிள்ளையின் கால் மிதிகட்டைக்கு எட்டாவிட்டால் சக்கரக் கம்பிக்குள் போய்விடும். மூடிய காலணி அணிவித்து, கால் எட்டும் வயது வந்தபின் ஏற்றுவதே உத்தமம்.

ஜும்ஆ நாளும் நோன்பு இரவுகளும்

வெள்ளிக்கிழமை நண்பகலிலும் தராவீஹ் முடிந்த இரவுகளிலும் நம் சாலைகளைப் பாருங்கள். தொப்பியும் சொங்கோவும் அணிந்த தலைகளே தெரியும், தலைக்கவசம் தெரியாது. காரணம் கேட்டால், "பள்ளிவாசல் வாசலில் வைத்தால் காணாமற் போகிறது" என்கிறார்கள். நியாயமான குறைதான், நீக்கக்கூடிய குறையும்கூட. இருக்கைக்கு அடியில் உள்ள கொக்கியில் வார் வளையத்தை மாட்டிப் பூட்டலாம். பள்ளிவாசல் தாழ்வாரத்தில் எண் எழுதிய மரத்தட்டு ஒன்று அமைத்து, ஒருவரைப் பார்த்துக்கொள்ளச் செய்யலாம். செருப்புக்குத் தட்டு வைக்கிற நாம் தலைக்கு ஒரு தட்டு வைக்கக்கூடாதா? நம் சங்கத்தார் இதனைச் சிந்திக்கும்படி வேண்டிக்கொள்கிறோம். தொப்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து, இறங்கியபின் அணிந்தால் எந்தக் குறையும் வந்துவிடாது.

எதை முதலில் வாங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க எல்லோராலும் முடியாது. ஆகவே வரிசை சொல்கிறோம். முதலில் வீட்டில் வண்டியில் ஏறும் ஒவ்வொரு தலைக்கும் ஒரு முத்திரைக் கவசம். இரண்டாவது மூடிய காலணி. பெரும்பாலோர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும். மூன்றாவது கையுறை. நான்காவது ஒளிப்பட்டை மேலங்கி. ஐந்தாவது பளிச்சென்ற நிறத்தில் இரண்டு துண்டு மழையுடை. ஆறாவது வலைத்துணிச் சட்டையும் அதற்கேற்ற கால்சட்டையும். மாதத்துக்கு ஒன்றாக வாங்கினாலும் அரை ஆண்டில் முடிந்துவிடும்.

வாங்கியவற்றை வாசலுக்குப் பக்கத்தில், வண்டிச் சாவி மாட்டும் ஆணிக்கு அருகிலேயே வையுங்கள். சாவியை எடுக்கும் கை கவசத்தையும் எடுக்கும். அலமாரிக்குள் வைத்தால் பக்கத்துக் கடைக்குப் போகும்போது எடுக்கமாட்டோம்; அந்தப் பக்கத்துக் கடைப் பயணத்துக்குத்தான் இவ்வளவும் எழுதினோம்.

பிள்ளைகளுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கித் தரும் பெற்றோர்களே! வண்டியின் விலையோடு இவற்றின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அது கட்டவில்லையென்றால் வண்டியைச் சில மாதம் தள்ளி வாங்குங்கள். வண்டி பழுதானால் உதிரிப் பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும். மனிதனுக்கு உதிரிப் பாகம் வைத்து விற்கும் கடை எங்கும் இல்லை.